மனநலச் செயலி செய்வோருக்கு: எங்கள் வீடுகளில் ஒரு போன்தான் இருக்கிறது

மனநலச் செயலிகளை உருவாக்கும் நிறுவனத்தாருக்கும், அவர்களுக்கு ஆலோசனை சொல்லும் மருத்துவர்களுக்கும்,

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். ஷிப்மென்ட் தேதி நெருங்கினால் எங்களுக்கு ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்கு மெஷினில் உட்காரும் பெண்கள் ராத்திரி எட்டரைக்கு மேல்தான் எழுந்திருப்பார்கள்.

போன வருடம் அப்படி ஒரு வாரத்தில் எனக்கு நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. ஈ.சி.ஜி. பார்த்த டாக்டர், "இதயத்தில் ஒன்றுமில்லை, டென்ஷனைக் குறைங்க" என்றார். எப்படிக் குறைப்பது என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. ஆபீஸில் பக்கத்து சீட்டுப் பெண்தான் ஒரு செயலியை இறக்கிக் கொடுத்தாள். நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடச் சொல்லும் பயிற்சி அதில் இருந்தது. நம்பிக்கை இல்லாமல்தான் செய்தேன். மூன்று நிமிடத்தில் இறுகிக் கிடந்த தோள் இறங்கியது. மூச்சை நீளமாக வெளியே விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு தணிகிறது என்று அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். உங்கள் வேலை பயனுள்ளது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்த மடலை எழுதுவதே அதனால்தான்.

எங்கள் லைனில் ஓவர்லாக் தைக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். தூக்கம் வரவில்லை, தலைக்குள் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது என்பார். அவருக்கும் அதைச் சொல்லிக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அவர் வீட்டில் ஒரு போன்தான். பகலில் பையனிடம் இருக்கும், ராத்திரிதான் இவர் கைக்கு வரும். செயலியை இறக்கியதும் பெயர் கேட்டது, மெயில் கேட்டது, போனில் உள்ள நம்பர்களையெல்லாம் பார்க்க அனுமதி கேட்டது. அக்காவுக்கு ஏது மெயில்? பையனுடையதையே கொடுத்தோம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பையன் கையில் போன் இருக்கும்போது திரையில் ஒரு வரி வந்து விழுந்தது. நேற்று உங்கள் மனநிலை மிக மோசம் என்றீர்கள், இன்று எப்படி இருக்கிறது என்று. "அம்மா, உனக்கு மனசு சரியில்லையா?" என்று அவன் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டான். பதினைந்து வயது, அவனைக் குறை சொல்ல முடியாது. அன்று ராத்திரியே அக்கா செயலியை அழித்துவிட்டார். ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

போன் என்றால் அது ஒரே ஆளுடையது என்று வைத்துக்கொண்டு இதைச் செய்திருக்கிறீர்கள். ஒரு மூச்சுப் பயிற்சிக்கு எங்கள் பெயர் எதற்கு? அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் நலத்துறை 2011-இல் பிடிஎஸ்டி கோச் என்ற செயலியை வெளியிட்டது. பிடிஎஸ்டி என்றால் பெரிய அதிர்ச்சிக்குப் பின் வரும் மனப் பாதிப்பு. போருக்குப் போய் வந்து மனம் உடைந்தவர்களுக்கானது. இலவசம்தான், கணக்குத் தொடங்கச் சொல்வதில்லை. அவ்வளவு பெரிய வேதனைக்கே பெயர் கேட்காமல் உதவ முடிகிறதே. அதே நாட்டில் பெட்டர்ஹெல்ப் என்ற மனநல ஆலோசனை நிறுவனம், வந்தவர்களின் விவரங்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுக்குக் கொடுத்ததாக அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2023-இல் 78 லட்சம் டாலர் கட்ட அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. இதைப் படித்தபோது அந்த அக்காவின் முகம்தான் ஞாபகம் வந்தது.

சரி, தமிழுக்கு வருகிறேன். நடக்கிற நொடியில் மனதை வைத்திருப்பதுதான் மைண்ட்ஃபுல்னஸ். உங்களில் சிலர் அதை 'நினைவாற்றல் பயிற்சி' என்று போட்டிருக்கிறீர்கள். அக்கா அதைப் பார்த்துவிட்டு, "எனக்கு ஞாபக மறதி இல்லை கண்ணு" என்றார். எங்களில் யாரும் 'மன அழுத்தம்' என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. படபடப்பா இருக்கு, எரிச்சலா வருது, சோறு இறங்கலை, இப்படித்தான் சொல்லுவோம். அந்த வார்த்தைகளில் கேளுங்கள். எழுத்தைவிடக் குரல் நல்லது. மெஷின் சத்தத்திலிருந்து வந்தவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் போதும் என்றிருக்கும். ஐந்து நிமிட ஒலிப்பதிவை ஒருமுறை இறக்கிவிட்டால் நெட் இல்லாமலும் ஓட வேண்டும்.

செயலி ஒன்றரை ஷிப்டைக் குறைக்காது என்று எனக்குத் தெரியும். அதை முதலாளிகளிடமும், எங்கள் துணியை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகளிடமும் பேச வேண்டும். அது வேறு மடல்.

ஆனால் மூச்சுப் பயிற்சியால் தீராத நிலையும் உண்டு. செத்துப்போகலாம் என்று தோன்றுகிறவரிடம் நாலு வரை எண்ணச் சொல்லாதீர்கள். 2022 அக்டோபர் 10 முதல் நாடு முழுக்க டெலிமானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை நடக்கிறது. 14416-ஐ அழைத்தால் எந்த நேரமும் பேச ஆள் உண்டு, தமிழிலும் பேசலாம், காசு இல்லை. அந்த எண் மெனுவுக்குள் எங்கோ ஒளிந்திருக்கக் கூடாது. முதல் திரையிலேயே, ஒரு தொடலில் அழைக்கும்படி வையுங்கள்.

எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. பெயர் கேட்காத, திரையில் எதையும் காட்டிக்கொடுக்காத ஒரு சோதனைப் பதிப்பைச் செய்துகொண்டு திருப்பூருக்கு வாருங்கள். பத்துப் பெண்களையாவது அழைத்து வருகிறேன். அந்த அக்காவிடமும் கேட்டுவிட்டேன். பையனிடமிருந்து போனை வாங்கிக்கொண்டு வருகிறேன் என்றிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு பனியன் கம்பெனி கணக்கர்
திருப்பூர்