வீட்டிலேயே இருக்கிறார், அப்புறம் என்ன குறை?

ஆசிரியருக்கு வணக்கம்.

பிள்ளைகள் போனில் கேம் விளையாடுவது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். எல்லாம் சரி, ஆனால் கல்யாணமாகிக் குடும்பம் நடத்துகிறவர்கள் வீட்டில் இதே கேம் என்ன செய்கிறது என்று யாருமே எழுதுவதில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் இருப்பது தேனி மாவட்டம் கூடலூரில். என் வீட்டுக்காரர் தினமும் மலையேறிப் போய், கேரள எல்லைக்குள் இருக்கிற குமுளியில் ஏலக்காய், மிளகு விற்கிற ஒரு கடையில் வேலை பார்க்கிறார். நான் வீட்டிலேயே தைக்கிறேன். கல்யாணமாகி ஆறு வருடம். முன்பெல்லாம் ராத்திரி சாப்பிட்டுவிட்டு மொட்டை மாடியில் உட்காருவோம், மலைப்பாதையில் வண்டி விளக்குகள் ஏறுவதும் இறங்குவதும் தெரியும், கடைக்கு யார் வந்தார்கள், எவ்வளவு பேரம் பேசினார்கள் என்று அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருப்பேன். இப்போது ஒன்பதரைக்கு வந்ததும் போன்தான். நூறு பேர் விமானத்திலிருந்து குதித்து, கடைசி ஆள் மிஞ்சும்வரை சுட்டுக்கொள்கிற விளையாட்டு. அந்த விமானம் பறக்கிற கொஞ்ச நேரத்தில் அவசரமாக நாலு வாய் சாப்பிடுவார், குதித்ததும் தட்டு ஓரமாகப் போய்விடும், தோசை காய்ந்து விறைத்துக் கிடக்கும். ஒரு ஆட்டம் அரை மணி நேரம் ஓடும். நடுவில் நிறுத்தி வைக்க முடியாது, எழுந்து வந்தால் கூட ஆடுகிற மூன்று பேருக்கும் ஆள் குறையும், இவருக்குப் புள்ளி குறையும். மூன்று பேருமே கட்டப்பனைப் பக்கத்துப் பையன்கள். "சேட்டா, போகல்லே, ஒரு களி கூடி" (அண்ணா, போகாதீங்க, இன்னும் ஒரு ஆட்டம்) என்று மலையாளத்தில் போனுக்குள்ளிருந்து கூப்பிடுவார்கள். அப்படியே ராத்திரி ஒரு மணியாகிவிடும்.

மாமியாரிடம் சொன்னேன். "குடிக்கிறானா, சீட்டாடுறானா? கண்ணு முன்னால வீட்டிலேயேதான இருக்கான், உனக்கு என்ன குறை?" என்றார். அம்மாவும் அதையேதான் சொன்னார். குடித்துவிட்டு வந்தால் தெருவே எனக்காகப் பேசியிருக்கும். இதற்கு யாரிடம் போய்ப் பேசுவது? உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் இதையும் சேர்த்து, அது 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நிறைய விளையாடுகிற எல்லோருக்கும் நோய் என்று அதில் இல்லை. விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமல், மற்ற வேலைகளையெல்லாம் பின்னால் தள்ளி, கெடுதல் வந்தும் விடாமல் ஆடுவது, அதுவும் பெரும்பாலும் ஒரு வருடமாவது தொடர்வது என்று சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் என்று அதிலும் சொல்லவில்லை.

பணத்துக்கு வருகிறேன். பேங்கில் பாஸ்புக் பதித்துக்கொண்டு வந்து, தையல் மெஷின் மேலேயே விரித்து வைத்து, கேமுக்குக் கட்டியதையெல்லாம் பேனாவால் ஒவ்வொன்றாகக் கோடு போட்டேன். 89, 29, 449, மறுபடி 89. ஒரே ராத்திரியில் ஆறு தடவை. எதுவுமே பெரிய தொகை இல்லை, அதனால்தான் கண்ணில் படவில்லை. வருடத்துக்குக் கூட்டினால் 21,640 ரூபாய். ஒரு ரவிக்கைக்கு 150 ரூபாய் வாங்குகிறேன், 144 ரவிக்கை தைத்த காசு. அதில் என் பங்கும் இருக்கிறது, மறைக்கவில்லை. அவர் போனோடு உட்கார்ந்ததால் நானும் மிட்டாய் சேர்க்கிற ஒரு கேமைப் பிடித்துக்கொண்டேன். ஐந்து உயிர் போனால் அரை மணிக்கு ஒன்றுதான் திரும்ப வரும், காத்திருக்கப் பொறுக்காமல் காசு கட்டினேன். அப்படி 2,380 ரூபாய்.

அவர் காசு போனது பெரும்பாலும் பெட்டி திறப்பதற்கு. கேமுக்குள் வருகிற பெட்டி, கிரேட் (crate) என்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கட்டித் திறக்க வேண்டும், நல்ல துப்பாக்கிக் கலரோ உடுப்போ வந்தாலும் வரும், பெரும்பாலும் உதவாததுதான் வரும். லாட்டரிக்குத் தமிழ்நாட்டில் 2003-லேயே தடை வந்துவிட்டது, இன்றைக்கும் எங்கள் ஊரிலிருந்து சீட்டு வாங்கவே குமுளிக்குப் போகிறவர்கள் உண்டு. அவர்களாவது பஸ் ஏறிப் போக வேண்டும், மூன்று மணிக் குலுக்கலுக்குக் காத்திருக்க வேண்டும், விழுந்தால் பணமாவது கையில் வரும். இதில் நடு ராத்திரியில் படுத்துக்கொண்டே பத்துத் தடவை குலுக்கலாம், வருவது போனுக்குள் இருக்கிற பொம்மைக்கு ஒரு சட்டை. பெல்ஜியம் நாட்டில் 2018-லேயே இந்தப் பெட்டிகளைச் சூதாட்டம் என்று சொல்லிவிட்டார்கள். நம் நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் பணம் ஜெயிக்கலாம் என்று பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் போட்டது, ரம்மியில் அழிந்த குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல், நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் பெட்டியில் பணத்துக்குப் பதில் சட்டை வருவதால் எங்கள் பக்கம் யாரும் இதைச் சூது என்றே நினைப்பதில்லை.

இந்த மாதம் இதுவரை எவ்வளவு கட்டியிருக்கிறீர்கள் என்று, அடுத்த தடவை காசு கட்டுவதற்கு முன்னால் அந்த கேமே பெரிய எழுத்தில் காட்ட வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டால் போதும், பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள் என்று நினைக்கிறேன். கூட்டுத்தொகையைப் பார்த்த அன்றைக்கு என் வீட்டுக்காரர் பாஸ்புக்கைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் போனிலிருந்து பேங்க் கணக்கை அவரே எடுத்துவிட்டார். விளையாட்டு இன்னும் நிற்கவில்லை, பதினொரு மணிக்கு முடிக்கிறார், சில நாள் முடிப்பதில்லை.

இதை அவருக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். பெயர் மட்டும் வேண்டாம், தொகையைக் குறைத்து எழுதாதே என்றார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கூடலூர், தேனி மாவட்டம்.