கிளைவின் தோட்டமும் எங்கள் ஊர் டெல்லி கேட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த இங்கிலாந்துப் பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பழைய பிரபுக்களின் மாளிகைகளையும் அவற்றைச் சுற்றியுள்ள தோட்டங்களையும் அழகாக எழுதியிருந்தார் கட்டுரையாளர். ஆனால் தமிழ் வாசகர்களுக்காக எழுதும்போது விட்டுவிடக் கூடாத ஓர் இடம் அதில் இல்லை. சர்ரே மாவட்டத்தில், ஈஷர் என்ற சிற்றூரை ஒட்டியுள்ள கிளேர்மான்ட்தான் அது. லண்டன் வாட்டர்லூவிலிருந்து ஈஷருக்கு ரயில் இருக்கிறது. பிள்ளைகளைப் பார்க்க லண்டன் போகும் நம்மவர்கள் காலையில் கிளம்பினால் மாலைக்குள் திரும்பிவிடலாம்.

போன வருடம் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது அவள்தான் என்னை அங்கே அழைத்துப்போனாள். உள்ளே நுழைந்ததும் ஏரி. நடுவே மரங்கள் அடர்ந்த ஒரு சின்னத் தீவு. ஏரிக்கு மேலே ஒரு குன்றின் சரிவை அப்படியே படிப்படியாகச் செதுக்கி, அரைவட்ட அரங்கம் போல அமைத்திருக்கிறார்கள். கல் இல்லை, சுண்ணாம்பு இல்லை, எல்லாம் மண்ணும் புல்லும்தான். கிட்டத்தட்ட 300 வருடங்களுக்கு முன் சார்ல்ஸ் பிரிட்ஜ்மன் என்ற தோட்டக் கலைஞர் போட்ட வடிவம் அது. பின்னாளில் மரமும் புதரும் மூடி, அரங்கம் இருந்த இடமே தெரியாமல் போயிருக்கிறது. பழைய மாளிகைகளையும் தோட்டங்களையும் பேணும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு 1970-களில் அதையெல்லாம் வெட்டி அகற்றி, பழைய வடிவத்தை மீட்டெடுத்திருக்கிறது. மேல்படியில் நின்று ஏரியைப் பார்த்தபோது, புதருக்கு அடியில் ஒரு கலைப்படைப்பு இருக்கிறது என்று நம்பி வேலை செய்தவர்களை நினைத்துக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

பிரிட்ஜ்மனுக்கு அப்புறம் வந்த வில்லியம் கென்ட், வட்டமாக இருந்த குளத்தைப் பெரிதாக்கி, தானாக உண்டான ஏரி போல வளைத்து விட்டார். புல்வெளிக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் இடையே வேலி கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு பள்ளம் வெட்டி, அதன் ஒரு பக்கத்தில் மட்டும் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். ஆடு மாடு தாண்டி வர முடியாது, தூரத்திலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கோ பள்ளம் தெரியாது. 'ஹா-ஹா' என்பது அதன் பெயர். மகள் சொல்லிக் காட்டும்வரை நானும் அதைக் கவனிக்கவில்லை.

சரி, இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். 1768-ல் இதன் அன்றைய சொந்தக்காரரான நியூகாசில் பிரபு இறந்ததும், அவர் மனைவியிடமிருந்து இந்தத் தோட்டத்தையும் மாளிகையையும் விலைக்கு வாங்கியவர் ராபர்ட் கிளைவ்.

நான் ஆற்காட்டுக்காரன். முப்பது வருடம் பள்ளியில் வரலாறு நடத்தியவன். 1751-ல் சுமார் 200 வெள்ளைக்காரர்களும் 300 சிப்பாய்களும் கொண்ட சிறுபடையோடு மதராஸிலிருந்து கிளம்பி வந்த கிளைவ், எங்கள் ஊர்க் கோட்டையைப் பிடித்து, 50 நாள் முற்றுகையைத் தாங்கி நின்றார். அந்த முற்றுகைக்கு நடுவில்தான் அவருக்கு 26 வயது முடிந்தது. இதையெல்லாம் தேதி தப்பாமல் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆற்காட்டில் கிடைத்தது பெயர். 1757-ல் பிளாசிப் போருக்குப் பின் வங்காளத்தில் கிடைத்தது பணம். அந்தப் போருக்குப் பின் வங்காள நவாபான மீர் ஜாபரிடமிருந்து மட்டும் 2,34,000 பவுன். அதற்கு மேல் ஜாகீர், அதாவது நிலவரி உரிமை, வருமானமாக ஆண்டுக்குச் சுமார் 27,000 பவுன். அந்தப் பணம் கடல் தாண்டி எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை நான் ஒரு நாளும் வகுப்பில் சொன்னதில்லை. எனக்கே தெரியாது.

கிளேர்மான்ட்டை அவர் வாங்கிய விலை 25,000 பவுன். ஜாகீரின் ஒரு வருட வருமானம் கூட அதற்கு முழுதாகச் செலவாகவில்லை. அந்தக் கணக்கைப் போட்டதும் ஏரிக்கரைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். வாங்கியதும் பழைய மாளிகையை இடித்துவிட்டு, அந்நாளில் தோட்டக் கலையில் முதல் ஆளாக இருந்த லான்சலாட் பிரவுனைக் கொண்டு மேட்டின் மேல் புது மாளிகை கட்டினார் கிளைவ். அது எழுந்துகொண்டிருந்த அதே 1770-ல் வங்காளத்தில் கொடும் பஞ்சம். மக்கள் லட்சக்கணக்கில் மாண்டார்கள். அந்தச் சுவர்களை அவ்வளவு கனமாகக் கட்டச் சொன்னது பேய் உள்ளே வராமல் இருக்கத்தான் என்று அக்கம்பக்கத்து விவசாயிகள் பேசிக்கொண்டார்களாம். கிளைவ் அந்த வீட்டில் நிலையாகக் குடியிருக்கவே இல்லை. 1774 நவம்பரில், 49 வயதில், லண்டன் வீட்டில் இறந்துபோனார். அந்த மாளிகை இப்போது ஒரு பள்ளிக்கூடம். தோட்டத்தை மட்டும் நாம் சுற்றிப் பார்க்கலாம்.

இதைப் படித்துவிட்டு யாரும் கோபத்தோடு அங்கே போக வேண்டாம். நான் பார்த்த தோட்டங்களிலேயே மிக அழகானது அதுதான். அதைப் பேணுகிறவர்களின் உழைப்பில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அந்த ஏரிக்கரையில் நிற்கும் தமிழருக்கு ஆற்காடு நினைவுக்கு வர வேண்டும். அதே போல் பாலாற்றங்கரையில் எங்கள் கோட்டையின் மிச்சமாக நிற்கும் டெல்லி கேட்டைப் பார்க்க வருகிறவருக்கு கிளேர்மான்ட் தெரிந்திருக்க வேண்டும். ஒரே கதையின் இரண்டு முனைகள் இவை. ஒன்றை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான்.

ஆகவே என் வேண்டுகோள் இது. கட்டுரையாளர் இந்தத் தொடரில் கிளேர்மான்ட்டையும் டெல்லி கேட்டையும் சேர்த்து ஒரே கட்டுரையாக எழுத வேண்டும். ஆற்காட்டுக்கு அவர் எப்போது வந்தாலும் நானே கூட வந்து காட்டுகிறேன். வெயில் தாழ்ந்தபின் வரச் சொல்லுங்கள். அந்த நேரத்தில்தான் ஆற்றுப் பக்கமிருந்து காற்று வரும், நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
ஆற்காடு.