ஜூனோ வாங்குவதற்கு முன்னால்: ஒரு தங்கைக்குக் கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனுப்பிய மூன்று பாட்டையும் ஹெட்போனில் ஒரு முறை, போன் ஸ்பீக்கரில் ஒரு முறை கேட்டாயிற்று. வேலையை விட்டுவிட்டு, சேமித்த பணத்தில் ஒரு பழைய ரோலண்ட் ஜூனோ-106 சிந்தசைசர் வாங்கி, எண்பதுகளின் சத்தத்திலேயே முழுநேரமாக இசை செய்யலாமா என்று கேட்கிறாய். செய்யலாம். ஆனால் ஜூனோவை ஆறு மாதம் தள்ளிப் போடு.

மெட்டு மூன்றுமே நன்றாக இருக்கின்றன, அதிலும் இரண்டாவதின் சரணம் மனதை விட்டுப் போகவில்லை. ஆனாலும் அந்தப் பாட்டு 1984 மாதிரி இல்லாமல், 1984-ஐ வைத்து எடுத்த விளம்பரம் மாதிரி ஒலிக்கிறது. உன் சாஃப்ட்வேர் சிந்தசைசர் எத்தனை ஸ்வரத்தையும் சேர்த்து ஒலிக்க விடுகிறது, நீயும் விட்டுவிட்டாய். ஜூனோ-106-ல் மொத்தமே ஆறு வாய்ஸ், அதாவது ஒரே நேரத்தில் ஆறு ஸ்வரம்தான். வாய்ஸுக்கு ஒலியைப் பிறப்பிக்கும் ஒரு ஆசிலேட்டர், அதன் பிரகாசத்தைக் குறைக்கும் ஒரு ஃபில்டர், அது எழுந்து அடங்கும் விதத்தை வகுக்கும் ஒரு என்வலப். நாலு ஸ்வரத்தில் ஒரு கார்டு பிடித்து, ரிலீஸை (கட்டையை விட்ட பிறகு ஒலி அடங்கும் நேரத்தை) நீட்டி வைத்து, உடனே அடுத்த நாலு ஸ்வரத்துக்குப் போனால் எட்டு வாய்ஸ் வேண்டும். இல்லாத இரண்டுக்காக முதல் கார்டின் இரண்டு ஸ்வரம் பாதியில் வெடுக்கென்று அறுந்துபோகும். அது அறுபடாமல் இருக்க வேண்டுமானால் பஞ்சமத்தை விட்டு மூன்று ஸ்வரமாகப் பிடிக்க வேண்டும், பேஸை வேறு கருவிக்குக் கொடுக்க வேண்டும், ரிலீஸைக் குறைக்க வேண்டும். நாம் 'அந்தக் காலத்து அரேஞ்ச்மென்ட்' என்று சொல்வதில் பாதி இந்த நெருக்கடியில் பிறந்ததுதான். இன்றைக்கே உன் ப்ளக்-இன்னில் பாலிஃபோனியை (சேர்ந்து ஒலிக்கும் வாய்ஸ் எண்ணிக்கையை) 6 என்று வைத்துவிட்டு இரண்டாவது பாட்டைத் திறந்து பார். எங்கெங்கே அறுபடுகிறதோ அங்கெல்லாம் கார்டை மாற்று.

பல்லவிக்கு முன்னால் வரும் எலக்ட்ரிக் பியானோவும் அப்படித்தான். அது யமஹா டிஎக்ஸ்7-ன் வழி. 1983-ல் வந்த கருவி, ஒலியைப் பிறப்பிக்கும் ஆறு ஆபரேட்டர், அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் 32 அல்காரிதம், ஃபில்டரே கிடையாது. நீ மேலே ஒரு ஃபில்டரைப் போட்டுப் பிரகாசத்தைக் குறைத்திருக்கிறாய், அதனால் மணிச் சத்தம் செத்துவிட்டது. அதே கருவியைப் போல ஒலிக்கும், இலவசமாகக் கிடைக்கும் டெக்ஸ்ட் (Dexed) ப்ளக்-இன்னை இறக்கிக்கொள். அல்காரிதம் 5-ஐ எடு. இரண்டிரண்டாக மூன்று ஜோடி வரும். ஒரு ஜோடியில் காதுக்குக் கேட்கும் கீழ் ஆபரேட்டரின் ரேஷியோ (அதிர்வெண் விகிதம்) 1, அதன் நிறத்தை மாற்றும் மேல் ஆபரேட்டரின் ரேஷியோ 14. அந்த 14-ன் டிகேயை (தேயும் நேரத்தை) குறுக்கு, வெலாசிட்டியை (கட்டையை அடிக்கும் வேகத்தின் பாதிப்பை) அதற்குத்தான் நிறையக் கொடு. மெதுவாகத் தொட்டால் மரத்தில் தட்டியது போல, அழுத்தினால் கிண்ணத்தில் தட்டியது போல வர வேண்டும். உன் மிடி பதிவில் எல்லா ஸ்வரத்தின் வெலாசிட்டியும் 100-லேயே நிற்கிறது. அப்படி இருந்தால் இந்தக் கருவிக்கு உயிரே இல்லை.

ஸ்நேர் டிரம்மின் ரிவெர்ப் (எதிரொலி) நடுவில் வெட்டுப்பட்டு நிற்கும் அந்தச் சத்தத்துக்கு இரண்டு விநாடி ரிவெர்பை ஒரு தனிக் கிளையில் (send) வை, அதன் பின்னால் ஒலியைத் திறந்து மூடும் ஒரு கேட். கேட்டைத் திறக்கச் சொல்லும் சைட்செயின் சிக்னல் ரிவெர்பிலிருந்து வரக் கூடாது, உலர்ந்த ஸ்நேரிலிருந்து வர வேண்டும். உன்னுடையது ரிவெர்பிலிருந்தே திறக்கிறது. வால் நுனியில் படபடவென்று திறந்து மூடுவது ஹெட்போனில் தெளிவாகக் கேட்கிறது. உன் பாட்டின் வேகம் நிமிஷத்துக்கு 110 தாளம். ஒரு கால் தாளத்துக்கு 136 மில்லி விநாடி, ஆகவே ஹோல்டை (கேட் திறந்திருக்கும் நேரத்தை) 270 பக்கம் வைத்தால் கேட் சரியாக அரைத் தாளத்தில் மூடும், ஹை-ஹாட் அந்த வெற்றிடத்தில் வந்து உட்காரும்.

கேசட் தள்ளாட்டத்தை (சுருதி அலையும் எஃபெக்டை) முழுப் பாட்டும் சேரும் மாஸ்டர் ட்ராக்கில் போட்டிருக்கிறாய். இதை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடு. அந்தத் தள்ளாட்டம் ஸ்டூடியோவில் வந்ததில்லை. ரெக்கார்டிங் சென்டரில் பாட்டு லிஸ்ட் கொடுத்து ஏற்றி வாங்கிய 90 நிமிஷக் கேசட்டிலும், அதை ஓட்டிய டெக்கிலும் வந்தது. 90-ன் நாடா 60-ஐவிட மெல்லியது, சீக்கிரம் இழுபடும். கமகம் உள்ள மெட்டின் மேல் அது ஏறினால் எது கமகம், எது கோளாறு என்று காதுக்குப் பிடிபடாது, பாடியவர் சுருதி விலகியது போலத்தான் படும். பின்னணியில் நீளமாக நிற்கும் சத்தத்துக்கு மட்டும் சில சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) அளவு கொடு.

ஆறு மாதம் கழித்தும் ஜூனோ வேண்டும் என்றே தோன்றினால், வாங்குமுன் பார்க்க வேண்டியது. கீ ட்ரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திக்கொண்டே ஆன் செய். எந்த வாய்ஸ் ஒலிக்கிறது என்று எண் காட்டும். ஒரே கட்டையை ஆறு முறை அடித்து ஆறையும் தனித்தனியாகக் கேள். ஒன்று கரகரத்தாலோ, கட்டையை விட்ட பிறகும் இழுத்தாலோ அந்த வாய்ஸின் ஃபில்டர் உள்ள 80017ஏ சிப் போகிறது என்று அர்த்தம். அதன் மேல் பூசிய ரெசின் வருஷம் ஆக ஆக மின்சாரத்தைக் கசிய விடும்; அசிட்டோனில் ஊறவைத்துப் பூச்சை உரிக்கிறார்கள், அதிலும் சரியாகாவிட்டால் மாற்றுச் சிப்தான். ஜப்பான் மாடல் என்றால் 100 வோல்ட். 110 வோல்ட் ஸ்டெப்-டவுன் போதும் என்பார்கள், போதாது. பத்து சதவீதம் கூடினால் உள்ளே சூடும் கூடும். சென்னை ரிச்சி தெருவில் 230-க்கு 100 என்று கேட்டு வாங்கு. மெமரி பேட்டரி போர்டில் சால்டர் செய்த சிஆர்2032; மாற்றுமுன் டேப் சேவ் (நினைவில் உள்ளதை ஒலியாக வெளியே அனுப்பும் வசதி) வழியாகச் சத்தங்களை லேப்டாப்பில் வேவ் கோப்பாகப் பதிந்துவிடு. எம்பி3-யாகப் பதிந்தால் திரும்ப ஏறாமல் போகலாம். கடற்காற்றுக்கு ஸ்லைடர் கரகரக்கும், மூடி வை.

இனி பிழைப்பு. ஸ்ட்ரீமிங்கை நம்பி வாடகை கட்ட முடியாது. விளம்பரமும் குறும்படமும்தான் முதல் சில வருஷங்களைத் தாங்கும். ஏ.ஆர்.ரஹ்மானும் விளம்பரங்களுக்கு இசை செய்துகொண்டிருந்த காலத்தில்தான், 1989-ல், கோடம்பாக்கத்தில் வீட்டுக்குப் பின்னால் ஸ்டூடியோ கட்டினார்; முதல் தமிழ்ப் படம் 1992. விளம்பரக்காரர்கள் ஒரு பழைய பாட்டைப் போட்டுக் காட்டி 'இதே மாதிரி' என்பார்கள். கருவியின் நிறத்தை எடுத்துக்கொள், மெட்டின் வரியைத் தொடாதே. அந்தப் பாட்டின் துண்டை வெட்டிப் போடுவது இன்னும் ஆபத்து. சில விநாடி வரை பரவாயில்லை என்று ஒரு சட்டமும் இல்லை. 1983-ல் வெளியான ஒலிப்பதிவுக்கு 2043 முடியும் வரை உரிமை உண்டு, மெட்டுக்கும் வரிக்கும் தனி உரிமை.

ஒப்பந்தம் வாட்ஸப்பில் வேண்டாம், கையெழுத்திட்ட காகிதமாக வாங்கு. எத்தனை வருஷத்துக்கு என்று அதில் எழுதாவிட்டால் சட்டப்படி ஐந்து வருஷம், எந்தெந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள். 'என்றென்றைக்கும், உலகம் முழுதும்' என்று அவர்கள் எழுதிக் கொண்டுவந்தால் அதற்குத் தனி விலை சொல். பாதிப் பணம் முன்பணம், திருத்தம் இரண்டு முறை. படத்தில் போகும் இசை தியேட்டருக்கு வெளியே ஒலிக்கும்போது வரும் ராயல்டியில் உன் சமபங்கைக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட முடியாதபடி பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் பாதுகாக்கிறது. இசையமைப்பாளர்களுக்கும் பாடலாசிரியர்களுக்கும் ராயல்டி வசூலிக்கும் சங்கமான ஐபிஆர்எஸ்-ல் சேர்வது அதை வசூலிக்க எளிய வழி. ஒவ்வொரு வேலையையும் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டெம்களோடு (கருவிவாரியான தனிக் கோப்புகளோடு) இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வை.

இதை ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், சரண்ஜித் சிங் 1982-ல் மும்பையில் ரோலண்டின் டிபி-303, டிஆர்-808, ஜூபிடர்-8 என்ற மூன்று கருவிகளை வைத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்த இசைத்தட்டை அன்று வாங்க ஆளில்லை. 2010-ல் மறுவெளியீடு வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2015-ல் அவர் இறந்துவிட்டார். நீ இன்றைக்குச் செய்வது எந்த வருஷம் எடுபடும் என்று யார் சொல்ல முடியும்? அன்றைக்குக் கோப்பும் காகிதமும் உன்னிடம் இருக்க வேண்டும்.

வேலையை இப்போது விடாதே. மூன்று விளம்பரமாவது காசோடு கைக்கு வரட்டும். இரண்டாவது பாட்டை ஆறு வாய்ஸில் திரும்பச் செய்து, மோனோவில் ஒன்று, ஸ்டீரியோவில் ஒன்று என்று அனுப்பு. கோரஸ் எஃபெக்ட் போட்ட சத்தம் மோனோவில் மெலிகிறதா என்று முதலில் நீயே ஒரு முறை கேட்டுவிடு.

அன்புடன்,
அண்ணன்