கார்னார்வனில் கிளிஞ்சலால் வைத்த கண் பரீட்சை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். கார்னார்வன் சின்ன ஊர்தான், மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த்திலிருந்து வடக்கே 900 கிலோமீட்டர். ஆனால் கேஸ்காயின் ஆற்றை ஒட்டி வாழைத் தோட்டங்கள் இருப்பதால் மனசுக்கு அவ்வளவு தூரமாகத் தெரியவில்லை. ஆற்றில் பெரும்பாலும் மணல்தான், மணலுக்கு அடியில் இருக்கும் தண்ணீரை இறைத்தே எல்லாம் விளைகிறது. வேலை தார் அறுத்து, சீப்பு வெட்டி, பெட்டியில் அடுக்குவது. வெயில் கடுமை, மற்றபடி குறையில்லை.

1960களில் நாசாவின் கண்காணிப்பு நிலையம் இந்த ஊரில் இருந்திருக்கிறது, இப்போது அருங்காட்சியகம். அங்கே போய் வந்தபின் தேடிப் படித்த ஒன்றை உங்களுக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. 1963 மே மாதம் அமெரிக்க விண்வெளி வீரர் கார்டன் கூப்பர் தனியாக பூமியைச் சுற்றியபோது, திபெத் பக்கம் வீடுகளும் புகைபோக்கியிலிருந்து எழும் புகையும் கண்ணுக்குத் தெரிந்தன என்றார். 160 கிலோமீட்டருக்கும் மேலே இருந்து! பல விஞ்ஞானிகள் நம்பவில்லை, ஏதோ பிரமை என்றுகூடச் சொன்னார்கள்.

சரி, சோதித்தே பார்த்துவிடலாம் என்று கிளம்பினார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. டெக்சாஸில் லரேடோவுக்கு வடக்கே ஒரு பண்ணையில், பக்கத்துக்கு 2000 அடி வீதம் 12 சதுரங்களை உழுது, சமன்செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைப் பட்டையைக் கிடத்தினார்கள். பெரியது 610 அடி நீளம், சின்னது 152 அடி. ஒன்று வடக்கு தெற்காக, ஒன்று கிழக்கு மேற்காக, ஒன்று சாய்வாக. எது எப்படிக் கிடக்கிறது என்று விண்வெளி வீரர்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, மேலிருந்து பார்த்து அவர்கள்தான் சொல்ல வேண்டும். கண் முகாமில் உங்களிடம் ஆங்கில 'E' எழுத்தின் கால்கள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டார்களே, அதே பரீட்சைதான், வயல் அளவுக்கு.

இரண்டாவது இடம் இங்கே, கார்னார்வனுக்குத் தெற்கே 90 மைலில், வுட்லீ பண்ணை. 16 கட்டங்கள். பட்டைகளை வெள்ளைக் கடல் கிளிஞ்சலைக் கொட்டியே அமைத்தார்கள். அந்தப் பொட்டலில் அத்தனை கிளிஞ்சலைக் கொண்டுபோய் ஒழுங்காகப் பரப்ப எத்தனை பேர் உழைத்திருப்பார்கள்!

1965 ஆகஸ்டில் ஜெமினி 5 விண்கலத்தில் அதே கூப்பரும் பீட் கான்ராடும் 8 நாள் பறந்தார்கள். மேகம் மூடியதால் இங்கே எதுவும் பார்க்க முடியாமல் போய்விட்டது, படித்தபோது எனக்கே வயிறு எரிந்தது. டெக்சாஸிலும் மின்கலக் கோளாறால் முதலில் தவறியது, 48ஆவது சுற்றில்தான் பார்க்க முடிந்தது. நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் போகும்போது ஒரு வயலைக் கண்டுபிடித்துப் பட்டையின் திசையைச் சொல்வது சாதாரணமா? அதையும் சொன்னார்கள். விண்கலத்துக்குள்ளேயே ஒரு கருவியில் தினமும் கண்ணைச் சோதித்ததில், 8 நாளும் பார்வை குறையவில்லை என்பதும் உறுதியானது. கூப்பரை நம்பாதவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

லீவு கிடைத்தால் அந்த வுட்லீ பக்கம் ஒருமுறை போக ஆசை. பணம் இந்த வாரம் போடுகிறேன், வந்ததும் அம்மாவை விட்டு ஒரு போன் பண்ணச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்