சந்திப்போம் என்று எழுதிய அண்ணாவுக்கு

அண்ணா,

அப்பா திதிக்கு வருகிறேன். உன் மெசேஜைப் பார்த்ததும் போகவே கூடாது என்றுதான் தோன்றியது.

"சந்திப்போம்." அவ்வளவுதான் எழுதியிருந்தாய்.

அண்ணன் தங்கையைச் சந்திப்பானா? பார்ப்பான். அம்மாவைப் பார்க்கப் போகிறோம், பிள்ளையைப் பார்க்கப் போகிறோம். அமைச்சரைத்தான் சந்திப்பார்கள், வக்கீலைச் சந்திப்பார்கள். கம்பெனி நஷ்டத்தைச் சந்திக்கும். ஆகாதவர்கள் கோர்ட்டில் சந்திப்பார்கள். என்னை இதில் எந்த வரிசையில் வைத்தாய்? "பார்க்கலாம்" என்று போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. வர மனமில்லாதவர்களும் அதைத்தான் சொல்வார்கள், ஆனால் அது பழகிய பொய்.

எனக்குச் சந்தி இலக்கணம் ஏறவில்லை என்று நீ உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த ராத்திரி நினைவுக்கு வந்தது. வாழையும் பழமும் சேர்ந்தால் நடுவில் ஒரு 'ப்' தோன்றும். பொன்னும் குடமும் சேர்ந்தால் 'ன்' திரிந்து பொற்குடம். மரமும் வேரும் சேர்ந்தால் 'ம்' கெட்டு மரவேர். "கெட்டுச்சுன்னா எங்கே போச்சு?" என்று கேட்டேன். நீ விரலில் எச்சில் தொட்டு நோட்டில் இருந்த 'ம்'மை அழித்தாய், தாள் கிழிந்தது. நாம் சிரித்த சிரிப்பில் அப்பா உள்ளேயிருந்து அதட்டினார். அப்புறம் குரலைத் தணித்து, "எதுவும் ஆகாமலும் சேரும், பொன்மலை மாதிரி" என்றாய். இயல்பு புணர்ச்சி. நன்னூலில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

மற்றதை இங்கே எழுதப் போவதில்லை. யார் யார் படிப்பார்கள் என்று உனக்கே தெரியும். ஏற்கெனவே சந்தி சிரித்தாயிற்று. ஆனால் அத்தனை பேர் நடுவில் "நீதான் சந்திக்கு இழுத்தே" என்றாயே, அதை மட்டும் விழுங்க முடியவில்லை. உள்ளே பேச விடாததால் வாசலில் பேசினேன். குரல் உயர்ந்துவிட்டது, சரி, மன்னித்துக்கொள். கதவைச் சாத்தியது யார்?

ஜங்ஷனுக்கு வந்து நிற்காதே, ஆட்டோ பிடித்து வந்துவிடுவேன். போர்டில் 'சந்திப்பு' என்று எழுதியிருக்கும் இடத்தில் உன்னைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். இப்போதைக்குச் சிரிக்கிற எண்ணமில்லை. சமையலுக்கு அண்ணிக்கு ஒத்தாசையாக இருப்பேன். அன்றைக்குப் பத்திரப் பேச்சை எடுக்காதே. எடுத்தால் இலையில் உட்காராமலே கிளம்பிவிடுவேன்.