இந்தத் தைப்பூசத்துக்கு நீ நடக்க வேண்டாம்

முருகன் துணை

கானாடுகாத்தான்

அன்புள்ள மகன் தம்பிக்கு அப்பச்சி எழுதிக்கொள்வது.

நேற்று இரவு நீ பேசியதிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கால் வலி நின்றுவிட்டது, நாலு வாரம் ஆகிவிட்டது, டாக்டர் போட்ட பூட்ஸைக் கழற்றிவிட்டுச் சிங்கப்பூரிலிருந்து விமானம் ஏறி, குன்றக்குடியில் பழனிக்கு நடந்து போகும் காவடியோடு சேர்ந்துகொள்கிறேன் என்றாய். போனில் மறுத்தால் பேச்சு வளரும் என்று சும்மா இருந்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன். இந்த வருஷம் வர வேண்டாம்.

வேலை முடிந்து ராத்திரியில் சிமெண்டுத் தரையில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் என்று பழக்கமில்லாமல் நடந்தாய். அதில் இரண்டாவது விரலுக்குப் பின்னால் இருக்கும் நீள எலும்பில் மயிரிழை போல விரிசல் விட்டிருக்கிறது. நெடுந்தூரம் நடக்கிற படைவீரர்களுக்கு வருவது இது. பிரஷ்ய ராணுவ மருத்துவர் ஒருவர் 1855இலேயே இந்தப் பாத வலியையும் வீக்கத்தையும் எழுதி வைத்திருக்கிறார். எக்ஸ்ரே வந்தது அதற்கு நாற்பது வருஷம் கழித்துத்தான். உனக்கும் முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை அல்லவா? இரண்டு மூன்று வாரம் போய், விரிசலைச் சுற்றிப் புது எலும்பு கட்டத் தொடங்கும்போதுதான் பல பேருக்குப் படத்தில் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாமல் வந்ததைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆறிவிட்டது என்று நீயாக முடிவு கட்டலாமா?

வலி ஏன் நின்றது என்று யோசித்துப் பார். அந்தப் பூட்ஸின் அடிப்பாகம் ஆடும் நாற்காலியின் கால் மாதிரி வளைந்திருக்கிறது. நீ அடி எடுத்து வைக்கும்போது பாதம் மடங்குவதில்லை, பூட்ஸ்தான் உருண்டு கொடுக்கிறது. விரிசல் விட்ட இடத்தில் விழ வேண்டிய பாரத்தை அது வாங்கிக்கொள்கிறது. அதைக் கழற்றி வைத்துவிட்டு, தார்ச் சாலையில் வெறுங்காலோடு நத்தம், திண்டுக்கல் என்று நூறு மைல் போல நடந்தால் மயிரிழை முழு முறிவாகிவிடக்கூடும். டாக்டர் ஆறு வாரம் என்றால் ஆறு வாரம்தான். அதன் பிறகும் அவர் பாதத்தை அழுத்திப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். சொன்ன மறுநாளே பழைய நடைக்குப் போய்விடவும் கூடாது.

போன ஆடியில் வளவு முற்றத்துப் படியில், ஈரமாக இருந்த ஆத்தங்குடித் தரைக் கல்லில் நான் வழுக்கி விழுந்தது உனக்குத் தெரியும். வலது கணுக்காலின் வெளிப்புற எலும்பு விட்டுப்போய் இதே மாதிரிப் பூட்ஸ் போட்டார்கள். அப்போது நான் பட்ட ஒரு சிரமத்தை உன்னிடம் சொல்லவில்லை. வீட்டுக்குள் செருப்புப் போடும் பழக்கம் நமக்கு ஏது? வலது காலில் பூட்ஸ், இடது கால் வெறுங்கால். இரண்டு விரற்கடை உயரம் ஏறி இறங்கி நடந்ததில் மூன்றாம் நாளே இடுப்பு பிடித்துக்கொண்டது, எலும்பு வலியைவிட அது பெரிதாக இருந்தது. உன் ஆத்தாதான் கண்டுபிடித்தாள். தடித்த அடியுள்ள செருப்பு ஒன்றைப் புதிதாக வாங்கி, வீட்டுக்குள் மட்டும் போட என்று தனியே வைத்தாள். சாமி அறைப் பக்கம் மட்டும் போகாமல் இருந்தேன். நீயும் இன்னொரு காலுக்கு அதே உயரத்தில் ஒன்று வாங்கிக்கொள்.

முகப்பிலிருந்து வளவுக்கும், வளவிலிருந்து இரண்டாங்கட்டுக்கும் நம் வீட்டில் எத்தனை நிலைப்படி! ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில் என்று சொல்லிக் கொடுத்தார்கள். வலது காலை எடுத்து வைத்து வா என்றே நம்மை வளர்த்த உன் அப்பத்தா, நான் ஒவ்வொரு படியிலும் இடது காலை முன்னே வைத்து ஏறுவதைத் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நிற்பார்கள். ஒரு நாளும் தடுக்கவில்லை.

எனக்குச் சர்க்கரை இருப்பதால், ராத்திரி பூட்ஸைக் கழற்றியதும் உன் ஆத்தா டார்ச் அடித்துக் குதிகாலையும் கணுக்காலையும் பார்ப்பாள். சிவந்திருக்கிறதா, கொப்பளம் கட்டியிருக்கிறதா என்று. உனக்குச் சர்க்கரை இல்லை, ஆனாலும் பார். நீளமான பருத்திக் காலுறையைச் சுருக்கம் இல்லாமல் இழுத்துப் போட்டு, குதிகால் பின்னால் நன்றாகப் பதிந்த பிறகு, விரல் பக்கமிருந்து மேல் நோக்கிப் பட்டைகளை ஒட்டு. விரல் மரத்தாலோ நிறம் மாறினாலோ உடனே தளர்த்து. உட்காரும்போது தலையணை போட்டுக் காலை உயர்த்தி வை.

விமானத்தை நான் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கணுக்காலை அசைக்காமல் கட்டி வைத்திருக்கும் காலில், ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்துவிடும் வாய்ப்பு கூடுதல். நாலு மணி நேரம் ஒரே இடத்தில் முடங்கி உட்காருவது அதற்குத் துணை போகும். கெண்டைக்கால் வலித்து வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ எங்களுக்குப் போன் செய்துகொண்டிருக்காதே, நேரே ஆஸ்பத்திரிக்குப் போ.

நேர்ந்துகொண்டேனே என்று நீ தவிப்பது எனக்குப் புரிகிறது. நானும் உன் வயதில் காவடியின் பின்னால் நடந்தவன். ஆனால் அங்கே சிங்கப்பூரில் நம் நகரத்தார் 1859இல் கட்டிய டேங்க் ரோடு கோயிலில் இருப்பவனும் அதே தண்டாயுதபாணிதான். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து டாக்சியில் போய்க் கும்பிட்டுவிட்டு வா. இங்கே உன் பேரைச் சொல்லிக் காவடி புறப்படுகிற அன்று குன்றக்குடிக்கு நான் போய் நிற்கிறேன். படி ஏறத் துணைக்கு ஆள் இருக்கிறது, கவலைப்படாதே.

அடுத்த எக்ஸ்ரே எடுத்ததும் படத்தையும், டாக்டர் சொன்னதை அப்படியே எழுதியும் அனுப்பு. செருப்பு வாங்கிவிட்டாயா, அளவு சரியாக இருக்கிறதா என்று உன் ஆத்தா கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பச்சி