எம்டன் மிதக்கிறது: ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லாருக்கும்,

போன ஞாயிறு காலை என் மாதிரிக் கப்பல் எம்டனைக் குளத்தில் இறக்கினேன். நாற்பது நிமிடம் ஓடியும் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கரையில் நின்றவர்கள் "நீங்களே செஞ்சதா?" என்று கேட்டார்கள். "ஆமாம்" என்று சொல்லிவிட்டேன். அது பாதிப் பொய். மீதியை இங்கே எழுதிவிடுகிறேன்.

1914 செப்டம்பர் 22 இரவு சென்னை மீது குண்டு வீசிவிட்டுப் போன ஜெர்மன் கப்பல்தான் எம்டன். 'ஆள் சரியான எம்டன்' என்று நாம் சொல்வதே அதை வைத்துத்தான். அசலின் நீளம் 118 மீட்டர். நூறில் ஒரு பங்காகச் செய்தால் 118 செ.மீ., அகலம் 13.5 செ.மீ. ஆனால் எடை நூறில் ஒன்றாகக் குறையாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் நூறு மடங்கு சுருங்குவதால் பத்து லட்சத்தில் ஒன்றாகிவிடும். நாலாயிரத்துச் சொச்சம் டன் கப்பல், மரம், மோட்டார், பேட்டரி, பெயின்ட் எல்லாம் சேர்த்து நாலேகால் கிலோவுக்குள் அடங்கவேண்டும்.

வரைபடம் தந்த ஐயாவுக்கு முதல் வணக்கம். "நகல் எடுக்கும்போது படம் கொஞ்சம் இழுத்துக்கும், அளந்து பாருப்பா" என்றீர்கள். நான் அளக்கவில்லை. விலாச்சட்டங்கள் பதினெட்டையும் பிளைவுட்டில் அறுத்து முடித்த பிறகுதான் 3 மி.மீ. பிசகு தெரிந்தது. 'அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் உங்கள் ரம்பத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

லேத் பட்டறை அண்ணே, எம்டனின் பத்துப் பீரங்கிகளும் உங்கள் கைவேலை. அசலில் 10.5 செ.மீ. வாய், நம் அளவில் 1 மி.மீ.தான், நீளம் 4 செ.மீ.க்குக் கொஞ்சம் கூட. முதல் மூன்று பித்தளைக் கம்பிகள் கடையும்போதே வளைந்தன. "நீட்டி விட்டா துள்ளத்தான் செய்யும்" என்று சொல்லி, கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்து, நுனியிலிருந்து கடைந்துகொண்டே வந்தீர்கள். கடைசியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாயில் துளை போட்டீர்களே, அப்போது நானும்தான் மூச்சு விடவில்லை.

அப்புறம் அக்கா. உங்களிடம் அன்று எனக்குக் கோபம்தான். புகைபோக்கி மூன்று, மேல்தள அறைகள், கப்பலை ஓட்டும் மேடை எல்லாவற்றையும் பித்தளைத் தகட்டில் பற்றவைத்துப் பளபளவென்று கொண்டுவந்து தொட்டியில் விட்டேன். கப்பல் சாவகாசமாக ஒருபக்கம் சாய்ந்து படுத்துக்கொண்டது. "அழகா இருக்கு தம்பி. எல்லாத்தையும் கழட்டு" என்றீர்கள். கழற்றி நிறுத்தால் 700 கிராம்! போர்க்கப்பல் ஒல்லி உடம்பு, தலைகனத்தால் நிற்காது. மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் திரும்பச் செய்தபோது 260 கிராமுக்கு வந்தது. பேட்டரியை அடிப்பலகை வரை இறக்கினோம், மிச்ச எடைக்கு ஈயப்பட்டை வைத்தோம். இப்போது விரலால் அமுக்கி விட்டால் தானே நிமிர்கிறது. இரண்டு மாத வேலையைக் கழற்றச் சொல்ல யாருக்கு மனசு வரும்? உங்களுக்கு வந்தது, கப்பல் பிழைத்தது.

மின்சாதன வேலை பார்த்த தம்பிக்கும் நன்றி. ரிமோட்டின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீரை ஊடுருவாது என்று சொல்லி ரிசீவர் ஆன்டெனாவை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கி வைத்தான். எதிரெதிராகச் சுற்றவேண்டிய இரண்டு புரொப்பெல்லருக்கும் கடைக்காரர் அனுப்பியவை ஒரே பக்கம் சுற்றுகிறவை என்பதையும் அவன்தான் கண்டுபிடித்தான். மூன்று மாதம் எபாக்ஸி பசை நாற்றத்தைச் சகித்த என் மனைவிக்குத் தனியாக நேரில் சொல்லிக்கொள்கிறேன்.

வேகத்தையும் சொல்ல வேண்டும். அதைச் சுருக்க அளவின் வர்க்கமூலம்தான் கணக்கு, அதாவது நமக்குப் பத்தில் ஒன்று. அசல் 23.5 நாட் (மணிக்கு அத்தனை கடல்மைல்) என்றால் நம்முடையது 2.35, சாதாரணமாக நடக்கிற ஆளின் நடை. கரையோரமாகக் கூடவே நடக்கலாம்.

அப்படி நடந்தவள் பக்கத்து வீட்டுப் பாப்பா. பிரிட்டிஷ் கப்பலைப்போலத் தெரிய எம்டன் துணியால் நாலாவது புகைபோக்கி கட்டிக்கொண்ட கதையை அவளிடம் சொல்லியிருந்தேன். குடைத்துணியையும் நாலு குச்சியையும் வைத்து அதையும் செய்து எடுத்து வந்துவிட்டாள். எடை 4 கிராம், அக்கா! கப்பல் அசையவே இல்லை. ஆனால் அன்று கையில் வாங்கிய ரிமோட்டை அவள் இன்னும் திருப்பித் தரவில்லை. பாப்பா, பேட்டரியைச் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ரிமோட்டோடு வா.